அக்கியும் மாற்றுச் சிறுநீரகமும்

"பயப்பட ஒண்ணுமில்ல மக்கா, அக்கியாக்கும். குயவர் வீட்டுல எழுதியாச்சு" என்று பாறசாலையிலிருந்து மாமி போனில் சொன்னார். எனக்கு இங்கே துபாயில் வயிற்றைப் பிசைந்தது. மாமாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

அக்கி எழுதுவதைப் பார்த்திராத நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். உடம்பில் ஒரு பக்கமாகப் பட்டை போட்டதுபோல் கொப்புளம் வந்து எரியும். அதன்மேல் காவியைக் குழைத்து சிங்கம் வரைவார்கள். 1956-இல் எல்லை பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அங்கே தங்கிய தமிழ்க் குடும்பங்களோடு இந்த வழக்கமும் தங்கிவிட்டது. நல்ல உடம்பு என்றால் அக்கி சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே ஆறும். பெயர் காவிக்குப் போகும்!

அக்கிக்குக் காரணம் சின்னம்மை வைரஸ். அம்மை இறங்கிய பிறகும் அது நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருக்கும், எதிர்ப்பு சக்தி குறைந்தால் எழும். மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, அந்த சக்தியைத்தான் மருந்து கொடுத்துக் குறைக்கிறார்கள். அதனால் இவர்களுக்கு அக்கி உடம்பெங்கும் பரவலாம், நுரையீரல், மூளைவரை போகலாம். மருவும் பாலுண்ணியும்கூட கூட்டமாக வந்து லேசில் போகாது.

இந்த மருந்துகளின் வரலாறு சுவையானது. 1962-இல் பாஸ்டனில், இறந்த ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவர் உடம்பு ஏற்றுக்கொள்ள உதவியது அசாதயோபிரின். ஹிட்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியன் இருவரின் ஆய்வில் பிறந்த மருந்து அது. 1971-இல் வேலூர் சி.எம்.சி.யிலும் சிறுநீரக மாற்று வெற்றி பெற்றது. பிறகு அக்கி வைரஸை அடக்கும் அசைக்ளோவிரும் எலியன் வளர்த்த குழுவிலிருந்தே வந்தது. 1988-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், பற்றையும் வரவையும் ஒரே மேஜையில் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 2015 ஜூலையில் மூளைச்சாவடைந்த பாறசாலை வக்கீல் ஒருவரின் இதயம், திருவனந்தபுரத்திலிருந்து கடற்படை விமானத்தில் கொச்சிக்குப் பறந்து இன்னொருவருக்குத் துடித்தது. கொடுக்கத் தெரிந்த ஊர். பெற்றதைக் காப்பாற்றவும் தெரிய வேண்டாமா?

மாமாவை அன்றிரவே திருவனந்தபுரம் கொண்டுபோனார்கள். காவி பூசியதில் நான்கு நாள் போயிருந்தது. நரம்பில் மருந்து ஏற்றிப் பிழைத்தார், ஆனால் விலாவில் எரிச்சல் பல மாதம் போகவில்லை.

ஊரில் உங்கள் வீட்டில் மாற்று உறுப்போடு யாராவது இருந்தால் இன்றே போன் செய்யுங்கள். தோலில் கொப்புளம் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும், முடிந்தவரை மூன்று நாளுக்குள் மருந்து தொடங்க வேண்டும். வழக்கமான மாத்திரைகளைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது. சிங்கம் அப்புறம் வரையலாம்.