வைகை அணையின் மூன்று எச்சரிக்கைகள்

வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதலாவது வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுக்கப்படுவது, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்கள் பழகிய நடைமுறையாகும். அணையில் தேக்கக்கூடிய முழு உயரம் 71 அடி என்பதால், மூன்றாவது எச்சரிக்கைக்கும் அணை நிரம்புவதற்கும் இடையே இரண்டு அடியே எஞ்சுகிறது. அந்நிலையில் அணைக்கு வரும் நீர் உபரிநீராக, அதாவது தேக்கிவைக்க இடமில்லாத நீராக, ஆற்றில் திறந்துவிடப்படுகிறது. அபாயச் சங்கு எனப்படும் மின்ஒலிப்பான் அதற்கு முன்பே ஒலித்து ஆற்றில் இருப்போரைக் கரையேறச் செய்கிறது.

அணை எழுவதற்கு முன்பும் வைகைக் கரை ஊர்களில் எச்சரிக்கை முறை இருந்தது. வரி வசூல், கண்மாய் மடை திறப்பு, ஊர்க்கூட்டம், வெள்ளம் என எச்செய்தியாயினும் பறையை அறைந்து தெருத்தெருவாக அறிவிப்பதே தண்டோரா ஆகும். ஊரின் உயிரைக் காத்த இந்தப் பணி, பிறப்பின் பெயரால் தலித் மக்கள்மீது சுமத்தப்பட்ட கட்டாய ஊழியமாகவும் இருந்தது என்பதை மறைத்து அதன் வரலாற்றை எழுத இயலாது. தண்டோரா வழக்கத்தைக் கைவிட்டு, வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்குமாறு தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தியது 2022 ஆகஸ்ட் மாதத்தில்தான்.

1895இல் முல்லைப் பெரியாறு அணை செயல்படத் தொடங்கி, மேற்குநோக்கி ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியபோது, மழையை மட்டும் நம்பியிருந்த வைகையின் இயல்பு மாறியது. 1959 ஜனவரி 21ஆம் நாள் முதலமைச்சர் காமராசர் வைகை அணையைத் திறந்துவைத்தபின் எச்சரிக்கையின் இயல்பும் மாறியது. முன்பு வெள்ளத்தைக் கண்ணால் கண்டவர் கூவி அறிவித்தார். அணை வந்தபின் அளவுகோலின் எண்ணே, வெள்ளம் புறப்படுவதற்கு முன்னதாக, அறிவிப்பாயிற்று. இந்த எண்கள் அணைக்கு அணை வேறுபடுவதால், 57 அடி உயரமுள்ள மஞ்சளாறு அணையில் 51, 53, 55 அடிகளே எச்சரிக்கைப் படிகளாக உள்ளன.

எண்ணையோ நிறத்தையோ ஆபத்தின் பெயராக்கும் இம்மரபின் மற்றொரு கிளை மருத்துவமனைகளில் வளர்ந்தது. நோயாளியின் இதயத்துடிப்போ மூச்சோ நின்றுவிட்டால் ‘கோட் ப்ளூ’ என்றும், தீப்பற்றினால் ‘கோட் ரெட்’ என்றும், குழந்தை காணாமற்போனால் ‘கோட் பிங்க்’ என்றும் வார்டின் பெயரோடு ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றி, இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளுக்கும் வந்து சேர்ந்தது. பிற நோயாளிகளும் உறவினர்களும் பதறாதிருக்க, பணியாளர் மட்டும் பொருள் உணர்ந்து ஓடிவர வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒரே நிறத்துக்கு மருத்துவமனைதோறும் வெவ்வேறு பொருள் இருந்தால் இடம் மாறி வந்த பணியாளர் தடுமாற நேரும் என்பதால், குறிகளைப் பொதுவாக்கும் முயற்சிகளும் தொடர்ந்தன.

மருத்துவமனைக் குறி சிலருக்கு மட்டும் விளங்கவேண்டியது; அணையின் எச்சரிக்கையோ ஒருவர் விடாமல் அனைவருக்கும் விளங்கவேண்டியது. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: இன்ன குறிக்கு இன்ன செயல் என்பது ஆபத்து நேர்வதற்கு முன்பே முடிவாகியிருப்பதால், ஆபத்து வரும் வேளையில் எவரும் விவாதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த உடன்பாடு கேட்பவரின் நினைவில் இல்லையெனில் சங்கு வெறும் ஓசையாகிவிடும். வெள்ளம் வரும்போது மதுரையின் தரைப்பாலங்கள் நீரில் மூழ்குகின்றன. அணையைக் கண்டிராத மானாமதுரை, பரமக்குடிச் சிறுவர்களும் அந்த ஆற்றில்தான் இறங்குகிறார்கள். ஆகவே 66, 68.5, 69 என்னும் மூன்று எண்களையும், ஒவ்வொன்றுக்கும் செய்யவேண்டியது என்ன என்பதையும் கரையோரப் பள்ளிகள் அனைத்தும் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்பே பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும்.