நடுகல்லும் நிழற்படமும்

போரில் மாண்டவனுக்கு உருவம் சமைத்து வைப்பது தருமபுரி மண்ணுக்குப் புதிதன்று. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் அதை நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. அவ்விலக்கணத்துக்கு இலக்கியமாக நிற்கும் கற்கள் நம் மாவட்டத்திலும் அண்டையிலுள்ள செங்கம் பகுதியிலும் மிகுதி. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலையும் 1975-இல் ‘தருமபுரிக் கல்வெட்டுகள்’ நூலையும் வெளியிட்ட பின்னரே, வேடியப்பன் என்று நாம் பொங்கலிட்டு வணங்கிவந்த கற்கள் பலவும் பெயரும் ஊரும் உடைய மனிதர்களே என்பது புலப்பட்டது.

அக்கற்களில் உருவம் தனித்து நிற்பதில்லை. வில்லும் வாளும் ஏந்திய வீரனைச் சுற்றி வட்டெழுத்தில் ஒரு செய்தி ஓடும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ப் பூசல், யாருடைய சேவகன், பெயர் என்ன என்பன அதில் இருக்கும். எடுத்தனூர்க் கல் ஒன்று போதும் சான்றுக்கு. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனது நாயையும் காட்டுகிறது. நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது!

இனி, நம் வீட்டுக் கூடங்களுக்கு வருவோம். பாட்டனோ முப்பாட்டனோ படையுடையில் விறைத்து நிற்கும் படம் சில வீடுகளிலேனும் மாட்டப்பட்டிருக்கிறது. பாலக்கோடு அன்று சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் வந்த குறுகிய இருப்புப்பாதை 1913-இல் ஒசூர் வரை நீண்டது. அதற்கப்பால் தொலைவின்றி இருந்தது பெங்களூர். சென்னை சாப்பர்ஸ் என்னும் பொறிப்படையின் தலைமையிடம் அதுவே. பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அப்படையினரின் தொழில். அப்படையைச் சேர்ந்தவரே, 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோவில் வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தம் உடலைக் கிடத்தித் தோழரைக் காத்த செங்கற்பட்டு மாவட்டத்துச் சுபேதார் சுப்பிரமணியம். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியப் படைவீரர் அவர்.

அவருக்குப் பெயர் நின்றது. மற்றவர்க்கு?

முதல் உலகப்போருக்கு இந்தியாவிலிருந்து சென்றோர் 13 இலட்சத்துக்கு மேல். மீளாதவர் ஏறத்தாழ 74,000 பேர். போர் முடிந்தபின் ஊர்தோறும் அரசு பதித்த சலவைக்கற்களைத் தமிழ்நாட்டில் இன்றும் காணலாம். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்று அவை தொகை சொல்லும், பெயர் சொல்லா. மெசபடோமியாவில் இறந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்காக 1929-இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவகத்திலோ, ஆங்கிலச் சிப்பாயின் பெயர் பொறிக்கப்பட்டது. இந்தியருள் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் கீழ் ஓர் எண்ணிக்கை. இவ்வேற்றுமையைப் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது 2021-இல். கோவிவனுக்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆதலின் வீட்டுச் சுவரிலுள்ள படம் வெறும் நினைவுப்பொருள் அன்று. பலருக்கு அதுவே எஞ்சிய ஒரே ஆவணம். அதைப் புதுப்பிக்கப் புகுவோர் இதை முதலில் மனங்கொள்ள வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்பது தாளின்மேல் பூசிய ஜெலட்டினில் படிந்த வெள்ளித்துகள். ஈரத்தாலும் காற்றாலும் அவ்வெள்ளி மாறும்போது கருமையான பகுதிகள் கண்ணாடிபோல் மினுங்கும், மற்றவை மஞ்சளிக்கும். ஜெலட்டினைப் பூச்சி விரும்பி உண்ணும். மழைக்காலத்தில் அது இளகிச் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிய்த்தெடுக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அந்நிலையில் கண்ணாடியோடு சேர்த்தே படியெடுப்பது நன்று. மேலே படிந்த குங்குமத்தையும் விளக்குக் கரியையும் ஈரத்துணியால் துடைப்பதும் தீது. துணி கண்ணாடியின் மேற்புறத்தோடு நிற்கட்டும்.

பெருங்கேடு இதனினும் வேறு. ‘பளிச்சென்று’ ஆக்கித் தருகிறேன் என்று முன்வருவோர், மங்கிய தோள்பட்டை எழுத்துகளை அழுக்கென்று அழித்துவிடுகின்றனர். அவ்வெழுத்துகளே படைப்பிரிவின் பெயர். சாப்பர்ஸ் படைக்கெனத் தனிவகைத் தலையணி உண்டு. அதைப் பொதுவான தலைப்பாகையாக வரைந்துவிட்டால் ஆள் எப்படையினன் என்பதே மாறிப்போகும். இன்று கணினி தானே ஊகித்து முகத்தை நிரப்புகிறது, வண்ணமும் தீட்டுகிறது. அக்காலப் படத்தகடுகள் பல நீலத்தை வெளிறியும் சிவப்பைக் கருமையாகவும் பதித்தவை. பதக்க நாடாவின் நிறத்தை அதிலிருந்து ஊகித்தல் எளிதன்று. நம்மவரின் கருநிறத்தை வெளுத்துக் காட்டுவதைச் செப்பம் என்று கருதுவோரும் உளர். அன்றைய ஸ்டுடியோக்காரர் பென்சிலால் செய்ததை இன்றைய பொறி செய்கிறது, அவ்வளவே.

நான் வேண்டுவது எளிய வரிசைதான். மூலப்படத்தைத் தொடாமல் முன்னும் பின்னும் படியெடுத்து வைக்க வேண்டும். அட்டையிலுள்ள ஸ்டுடியோ முத்திரையும் முதுகிலுள்ள பென்சில் குறிப்பும் சேரத்தான். திருத்தமெல்லாம் படியின்மேல் நிகழட்டும். வறுமைக்காலத்தில் உருக்கப்படாமல் முதற்போரின் வெள்ளிப் பதக்கம் வீட்டில் எஞ்சியிருந்தால் அதன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். எண், நிலை, பெயர், படைப்பிரிவு நான்கும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ நடுகல் எழுதிய செய்தியே அது.

நம் வட்டத்துக் கவிஞர்களிடம் ஒரு சொல். ‘பெயரறியா வீரன்’ என்று பாடுவது ஓசைக்கு இனிது. ஆனால் அவன் பெயரை அறிந்தவர் இருந்தனர். எழுதி வைக்கத்தான் எவரும் இல்லை. அறிந்தவருள் சிலர் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றனர். பெரும்பாலும் எண்பதைக் கடந்த மூதாட்டியர். இம்மலர் கைக்கு வந்த கிழமையிலேயே அவர்களிடம் படத்தைக் கொண்டுசென்று காட்டி, அவர்கள் சொல்லும் பெயரையும் ஊரையும் தனித்தாளில் எழுதிச் சட்டத்தின் பின்புறம் செருகி வையுங்கள்.