உங்கள் ஸ்மார்ட்வாட்ச் காட்டும் இதயத்துடிப்பை எவ்வளவு நம்பலாம்?

பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி மெதுவோட்டம் ஓடுகிறீர்கள். மூச்சு வாங்கவில்லை. பக்கத்தில் ஓடும் நண்பரோடு தாராளமாகப் பேச முடிகிறது. ஆனால் கையிலிருக்கும் ஸ்மார்ட்வாட்ச் 176 என்று காட்டுகிறது. "என்னடா இது, 176ஆ?"

அது உங்கள் இதயத்தின் எண்ணாக இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் எடுத்துவைக்கும் காலடிகளின் எண்ணாக இருக்கலாம்.

அது எப்படி?

கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் மினுங்கும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டுக்கு வரும் இரத்தத்தின் அளவு கூடிக் குறைகிறது. தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்ப மாறுகிறது. அந்த மாற்றத்தை எண்ணித்தான் கடிகாரம் கணக்குப் போடுகிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கும்போதும் இது நன்றாகவே வேலை செய்யும். ஓடும்போதுதான் பிரச்சினை. கை வீசுகிறது, கடிகாரம் ஆடுகிறது, இடைவெளியில் வெளிச்சம் புகுகிறது. குழப்பத்துக்கு நடுவே ஒரு சீரான தாளத்தைத் தேடும் கருவி, சில நேரம் காலடியின் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஓடுபவர்கள் பலர் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடிகள் எடுத்துவைக்கிறார்கள். கடினமாக ஓடும்போது இதயத்துடிப்பும் ஏறக்குறைய அந்த அளவில் இருப்பதால், தவறு நடந்ததே நமக்குத் தெரிவதில்லை.

சந்தேகம் வந்தால் நின்று, கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து 15 விநாடி நாடித்துடிப்பை எண்ணி, 4ஆல் பெருக்குங்கள். இரண்டு எண்ணும் வெகுதூரம் தள்ளி இருந்தால் கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றி, இன்னும் சற்று இறுக்கமாகக் கட்டிப் பாருங்கள். பலருக்கு இதுவே போதும்.

"நமக்குக் கறுப்புத் தோல் ஆச்சே, சரியாக் காட்டுமா?"

நியாயமான கேள்வி. தோலுக்கு நிறம் தரும் மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சக்கூடியது. ஆய்வு முடிவுகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 2020இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெவ்வேறு தோல் நிறம் கொண்டவர்களிடம் இத்தகைய கருவிகளைச் சோதித்தனர். நிறத்தால் துல்லியம் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. ஆனால் அசைவு அதிகரித்தபோது பிழை அதிகரித்தது. பச்சை குத்தியிருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்: மை ஒளியை மறைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. கடிகாரத்தை மற்றக் கைக்கு மாற்றிப் பார்க்கலாம்.

அப்படியென்றால் நெஞ்சுப் பட்டை வாங்கணுமா?

நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒளியை நம்புவதில்லை. இதயத்தின் மின்சமிக்ஞையை நேரடியாகப் பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே இதைக் கம்பியில்லாமல் செய்து காட்டியது. பழைய தொழில்நுட்பம்தான். ஆனால் துல்லியத்தில் மணிக்கட்டுக் கருவிகளைவிட அது இன்னும் ஒரு படி மேலே.

என் கருத்து: நடை, தூக்கம், வார இறுதி மெதுவோட்டம் இவ்வளவுதான் என்றால் கையிலிருக்கும் கடிகாரமே போதும், காசைச் சேமியுங்கள். ஐபிபிடி தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக வேகத்தை ஏற்றி இறக்கிப் பயிற்சி செய்பவர்களுக்குப் பட்டை பயன் தரும். ஒரு நிமிடம் முழு வேகம், ஒரு நிமிடம் நடை என்று ஓடும்போது மணிக்கட்டுக் கருவி பல விநாடிகள் பின்தங்கும். நீங்கள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் உச்ச எண்ணைக் காட்டும். எடை தூக்கும்போதும் இதே கதைதான். கையை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டில் இரத்த ஓட்டம் மாறிவிடுகிறது.

வாங்கும் முன் புளூடூத் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎன்டி பிளஸ் மட்டும் கொண்ட பழைய பட்டைகள் ஐஃபோனுடன் நேரடியாக இணையாது. கட்டும் முன் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், வறண்ட தோலில் சமிக்ஞை சரியாகக் கிடைக்காது. (நம்ம ஊரில் ஐந்தே நிமிடத்தில் வியர்வை அந்த வேலையைச் செய்துவிடும்.) ஓடி முடித்ததும் அலசிக் காயவைக்காவிட்டால் உப்புப் படிந்து சீக்கிரமே கெட்டுப்போகும்.

கலோரி எண்ணுக்காக மட்டும் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள். 2017இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் 7 கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் ஆகச் சிறந்த கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு தவறியது.

220இலிருந்து வயதைக் கழித்தால்?

துடிப்பு சரியாகவே அளக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 150 என்பது உங்களுக்கு அதிகமா குறைவா என்று எப்படித் தெரியும்? பல செயலிகள் 220இலிருந்து வயதைக் கழித்து, அதை உங்கள் உச்சத் துடிப்பு என்று எடுத்துக்கொள்கின்றன. 25 வயது என்றால் 195. மிதமான உடற்பயிற்சி என்பது உச்சத்தில் சுமார் 64 முதல் 76 விழுக்காடு, அதாவது 125க்கும் 148க்கும் இடையில்.

ஆனால் அது சராசரி மட்டுமே. ஒரே வயதுடைய இருவரின் உண்மையான உச்சம் 20 துடிப்புகூட வேறுபடலாம். உங்கள் உச்சம் 185 என்றால், செயலி "மிதம்" என்று காட்டும் மண்டலத்தில் நீங்கள் வாரம் முழுதும் தேவைக்கு மேல் உழைத்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் பேச்சுச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச முடியும், பாட முடியாது என்றால் மிதம். சில சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடினம். அந்தந்த நேரத்தில் கடிகாரம் என்ன காட்டுகிறது என்று இரண்டு வாரம் குறித்துவைத்தால், உங்கள் உடலுக்கான எண்கள் கிடைத்துவிடும். செயலியின் அமைப்புகளில் அவற்றை நீங்களே மாற்றலாம்.

சிங்கப்பூர் வெயிலில் கணக்கு மாறும்

இங்கு சூரிய உதயத்துக்கு முன் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டும். வியர்வை ஆவியாகாமல் வழிந்தால் உடல் குளிராது. உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் இரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. அதனால்தான் அதே வேகத்தில் ஓடினாலும் அரை மணி நேரத்துக்குப் பிறகு துடிப்பு மெல்ல மெல்ல ஏறுகிறது. கருவி இங்கே பொய் சொல்லவில்லை. வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். குளிர்சாதன அறையில் டிரெட்மில்லில் ஓடிய எண்ணோடு ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா எண்ணை ஒப்பிட்டு, "ஃபிட்னஸ் குறைஞ்சிடுச்சு" என்று வருந்த வேண்டாம். கிளம்பும் முன் மைஇஎன்வி செயலியில் வெப்ப அழுத்த நிலையைப் பாருங்கள். ஈரக்குமிழ் உருண்டை வெப்பநிலை 33 பாகை செல்சியஸை எட்டினால் அது உயர்நிலை. அந்த நேரத்தில் வெளியே கடினப் பயிற்சி வேண்டாம்.

கடிகாரத்தால் சொல்ல முடியாதவை

பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுப்பவர்களின் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அப்பா அம்மாவுக்குக் கடிகாரம் பரிசளிக்கிறீர்கள், அவர்கள் இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து சாப்பிடுகிறார்கள் என்றால், வயதுக் கணக்கிலான மண்டலங்களை நம்பி அவர்களை வேகமாக நடக்கச் சொல்லாதீர்கள். எந்த அளவு சரி என்று அவர்களின் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆப்பிள் வாட்ச் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. அதையும் ஆப்பிளே சொல்கிறது. ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சுத்திணறல் ஏதாவது வந்தால், திரை 130 என்று சாதாரணமாகக் காட்டினாலும் உடனே நிறுத்துங்கள். வலி தணியாவிட்டால் 995ஐ அழையுங்கள். உடன் ஓடுபவர் சுருண்டு விழுந்தாலும் அதே எண்தான். அருகில் ஏஇடி கருவி எங்கே இருக்கிறது என்பதை மைரெஸ்பாண்டர் செயலி காட்டும்.