தீர்ந்த கடனும் தீராத வில்லங்கமும்: அமெரிக்கத் திவால் சட்டத்தில் பழைய தீர்ப்புகள்

அமெரிக்காவில் திவால் மனு போட்டுக் கடன்விடுவிப்பு ஆணை பெற்றவர், பல ஆண்டுகள் கழித்து வீட்டை விற்கப் போகிறார். பழைய கிரெடிட் கார்டு வழக்கின் தீர்ப்பு அந்த வீட்டின்மேல் இன்னும் வில்லங்கமாக நிற்கிறது. இதை எழுத்தர் பிழை என்று தள்ளிவிட முடியாது. கடனாளி தாமாகக் கேட்டாலொழிய அதை நீக்காமல் விடும்படிதான் சட்டமே அமைந்திருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் போதாது என்பது என் வாதம்.

1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடன்விடுவிப்பு வெறும் எதிர்வாதமாகவே இருந்தது. கடன் கொடுத்தவர் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், விடுவிப்பைக் கடனாளியே அங்கு எடுத்துச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டதென்று நம்பியவர் போகமாட்டார். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடும். அவர் வராமல் இருப்பதையே எதிர்பார்த்து வழக்குப் போட்டவர்களும் உண்டு. 1970ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவை அடைத்தது. இன்றைய சட்டத்தின் 524ஆம் பிரிவுப்படி, விடுவிக்கப்பட்ட கடனுக்கான தீர்ப்பு எப்போது பெறப்பட்டதாயினும், கடனாளியின் தனிப்பட்ட பொறுப்பைப் பொறுத்தவரை செல்லாது. யாரும் மனு போட வேண்டியதில்லை.

ஆனால் இது ஆளுக்குத்தான் பொருந்தும், சொத்துக்கு அன்று. விடுவிப்பு சொத்தின்மேல் உள்ள வில்லங்கத்தைக் கரைக்காது என்று லாங் எதிர் புல்லார்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1886இலேயே சொல்லிவிட்டது. அது அடமானக் கடன் பற்றிய வழக்கு. வீட்டை ஈடாக வைத்துக் கொடுத்தவருக்கு அது நியாயமே. ஈடே கேட்காமல் கொடுத்துவிட்டு, வழக்குப் போட்டு ஜெயித்து, தீர்ப்பைக் கவுன்டியில் பதிந்ததாலேயே வீட்டின்மேல் பிடி பெற்றவரையும் அதே வரிசையில் உட்கார வைக்கலாமா? கூடாது என்றுதான் 522(எஃப்) பிரிவு வந்தது. வீட்டு மதிப்பில் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாதபடி சட்டம் காக்கும் பங்கான விலக்கைத் தீர்ப்பு வில்லங்கம் எந்த அளவுக்கு அரிக்கிறதோ, அந்த அளவுக்கு அதை நீக்கலாம். ஜீவனாம்சக் கடனுக்கு இச்சலுகை இல்லை.

கணக்கு எளிது; 1994 திருத்தம் அதைச் சூத்திரமாகவே எழுதிவைத்தது. வீடு 3,00,000 டாலர் பெறும் என்று வைத்துக்கொள்வோம். அடமானம் 2,40,000, விலக்கு 50,000, தீர்ப்பு 25,000. கூட்டினால் 3,15,000. மிகுதியான 15,000 நீங்கும், 10,000 நிற்கும்.

இங்கேதான் கோளாறு. இந்த நீக்கத்தைக் கடனாளி தனி மனுவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வில்லங்கம் முழுதாக நிற்கும். 1970இல் ஒழித்த அதே பொறி வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது: அறியாதவர் தோற்கிறார்.

கடன் கொடுத்தவருக்கு அறிவிப்புத் தராமல் அவர் உரிமையைப் பறிக்கக் கூடாது, வீட்டு மதிப்பு தகராறுக்குரியது என்பார்கள். இரண்டும் சரியான மறுப்புகளே. ஆயினும் சூத்திரத்துக்கு வேண்டிய எண்கள், அதாவது வீட்டு மதிப்பு, அடமானம், கோரிய விலக்கு ஆகியவை, மனுவோடு தாக்கல் செய்யும் அட்டவணைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. தீர்ப்பு பதிவாகியிருப்பது கடனாளிக்கே தெரியாமல் போகலாம். ஜெயித்தவருக்குத் தெரியாமல் இராது. தன் வில்லங்கத்தை அவரே காட்டட்டும். நீதிமன்றம் கணக்கிட்டு அறிவிப்பு அனுப்பி, ஆட்சேபம் வந்தால் விசாரிக்கட்டும். வராவிட்டால் நீக்க ஆணையை விடுவிப்பு ஆணையோடு சேர்த்தே தரலாம்.

2017 முதல் மூன்று பெரிய கடன்மதிப்பு நிறுவனங்களும் உரிமையியல் தீர்ப்புகளைத் தம் அறிக்கைகளிலிருந்து எடுத்துவிட்டதால், பழைய தீர்ப்பை முன்கூட்டியே கண்டுகொள்ளும் வாய்ப்பும் குறைந்திருக்கிறது. முடிந்த வழக்கை 350ஆம் பிரிவின்கீழ் மீண்டும் திறக்கலாம் என்பது உண்மை. ஆனால் அது நீதிபதியின் விருப்புரிமை. கட்டணமும் வக்கீல் செலவும் தனி. தாமதத்தால் எதிர்த்தரப்புக்குப் பாதகம் என்ற வாதத்தையும் சந்திக்க வேண்டும். வீட்டை வாங்க வந்தவரோ கிரயத் தேதியைக் குறித்துக்கொண்டு காத்திருப்பார்.