முழங்காற்சில்லு விலகலும் மலையக மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

ராகலை முதலான மலைத்தோட்டங்களில் ஏற்றமும் இறக்கமும் அன்றாட வாழ்வின் இயல்பாகும். கூடை சுமந்து சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும், லயத்திலிருந்து படியிறங்கிப் பாடசாலை செல்லும் மாணவனுக்கும் முழங்காலின் உறுதி இன்றியமையாதது. இளம் பருவத்தினரிடையே முழங்காற்சில்லு மீண்டும் மீண்டும் வெளிப்புறமாக விலகும் நோய் அவ்வுறுதியையே குலைப்பதாகும். அதன் சத்திரசிகிச்சை வளர்ந்த வரலாற்றை மலையக மருத்துவத்தின் வரலாற்றோடு ஒருங்குவைத்து நோக்குதல் பயனுடைத்து.

1888 இல் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சேசர் றூ, சில்லைக் கணைக்கால் எலும்போடு பிணைக்கும் நாணை உட்புறமாக இடமாற்றும் முறையை விவரித்தார். 1938 இல் ஹவுசர், அந்நாண் பொருந்தும் எலும்புப் பகுதியையே பெயர்த்து உட்புறமாகவும் கீழாகவும் பொருத்தினார். விலகல் குறைந்தது. ஆயினும் அப்பகுதி பின்னோக்கியும் நகர்ந்தமையால் மூட்டில் அழுத்தம் மிகுந்து, பிற்காலத்தில் பலருக்கு மூட்டுத் தேய்வு உண்டாயிற்று. வளரும் பிள்ளைகளுக்கு இம்முறை எலும்பின் வளர்ச்சித்தகட்டை ஊறுபடுத்தி, முழங்கால் பின்புறமாக வளையவும் காரணமாகக் கூடியதாயிருந்தது.

நோயின் காரணங்களைப் பகுத்தறியும் முயற்சி பின்னரே முதிர்ச்சி பெற்றது. சில்லு ஓடும் தொடையெலும்புப் பள்ளம் ஆழமற்றிருத்தல், சில்லு உயர்ந்திருத்தல், நாண் வெளிப்புறமாக அமைதல், சில்லு சாய்ந்திருத்தல் ஆகிய நான்கினை லியோன் நகரத்து டெஜூர் குழுவினர் 1994 இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினர். சில்லை உட்புறத்தில் தாங்கும் இணைநாரைப் புதிதாக அமைக்கும் முறையைப் பிரேசில் நாட்டு எலேரா கோமெஸ் 1992 இல் வெளியிட்டார். இன்று இவ்வினத்துச் சிகிச்சைகளே பெரிதும் கையாளப்படுகின்றன.

இதே காலப்பகுதியில் மலையகம் கண்ட மருத்துவம் வேறு நோக்குடையது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ உதவி வழங்கும் சட்டம் 1872 இல் இயற்றப்பட்டது. 1912 இல் அது திருத்தியமைக்கப்பட்டது. 1916 இல் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களிலே தொடங்கிற்று. உயிர்பறிக்கும் நோய்களையும் வேலைநாட்களைக் குறைக்கும் நோய்களையும் தடுப்பதே இவ்வேற்பாடுகளின் தலையாய நோக்கமெனலாம். 1904 இல் ராகலையை எட்டிய குறும்பாதைப் புகையிரதமும் தேயிலையை முன்னிட்டே வந்தது. 1940 களில் அது மூடப்பட்டது. உயிரைப் பறிக்காது, ஓர் இளைஞனின் வாழ்வை மட்டும் முடக்கும் முழங்கால் நோய்க்கு அவ்வமைப்பில் இடமிருக்கவில்லை. 1990 களில் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரும், என்பியல் நிபுணரைக் காணத் தோட்டத்தவர் நகரத்துக்கே செல்லவேண்டியுள்ளது. அரச வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசமே. ஆயினும் நாட்கூலி பெறும் பெற்றோர் பிள்ளையை அழைத்துச் செல்லும் ஒவ்வொரு பயணமும் ஒருநாட் சம்பளத்தை விலையாகக் கேட்கின்றது.

முதன்முறை விலகிய சில்லு பெரும்பாலும் ஓய்வினாலும் தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியினாலும் குணமாகும். மீண்டும் விலகுமாயின் காரணம் ஆராயப்படல் வேண்டும். காரணம் அறியாது நிகழ்ந்த அறுவையின் விளைவை ஹவுசர் முறையின் வரலாறு உணர்த்துகின்றது. ஆதலின் வெறுஞ் சுளுக்கையும் சில்லு விலகலையும் வேறுபடுத்தியறிந்து, உரிய வேளையில் நிபுணரிடம் அனுப்பும் ஆற்றல் தோட்டத்து மருந்துச்சாலைக்கு வாய்த்தல் வேண்டும். அது வாய்க்காதவரை, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்த இவ்வறிவு மலைச்சரிவில் வாழும் பிள்ளைகளைச் சென்றடைந்ததாகக் கொள்ளுதல் இயலாது.