காகிதப்பூ வளர்ப்பு

காகிதப்பூ அல்லது போகன்வில்லா என்பது வீட்டுத் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் அழகுக்காக வளர்க்கப்படும், முள்ளுடைய, படர்ந்து ஏறும் புதர்த் தாவரமாகும். இதன் நிறச் செதில்கள் காகிதம் போல் மெல்லியனவாகவும் உலர்ந்தும் இருப்பதால் தமிழில் இப்பெயர் பெற்றது. ஈழத்தில் கடதாசிப்பூ என்றும் வழங்கப்படுகின்றது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இத்தாவரம், செங்கல்பட்டு மாவட்டத்தின் செம்மண் பகுதிகளிலும், கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலான மணற்பாங்கான கடற்கரையிலும் நன்கு வளர்கின்றது.

இத்தாவரத்தை வளர்ப்பது எளிது. பூக்கச் செய்வதே பலருக்குக் கடினமாக உள்ளது. நாள்தோறும் நீரும், அடிக்கடி உரமும் பெறும் செடி செழித்த இலைகளுடன் பூவின்றி நிற்க, கவனிப்பாரற்ற மதில் ஓரத்துச் செடி நிறைந்து பூப்பதைக் காணலாம். இக்கட்டுரை அதன் காரணத்தையும், இப்பகுதியின் மண், மழை, காற்று ஆகியவற்றுக்கு ஏற்ற வளர்ப்பு முறையையும் விளக்குகின்றது.

பெயரும் வரலாறும்

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி அந்துவான் டி பூகன்வீல் 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த கடற்பயணத்தை நடத்தினார். அப்பயணத்தில் சென்ற தாவரவியலாளர் பிலிபேர் கொம்மெர்சோன், 1767ஆம் ஆண்டு பிரேசிலின் இரியோ டி செனீரோவில் இத்தாவரத்தைச் சேகரித்தார். ஆண் வேடத்தில் அவருக்கு உதவியாளராகச் சென்ற சான் பாரே, உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணாகக் கருதப்படுகிறார். பயணத் தலைவரின் பெயரே இப்பேரினத்துக்கு இடப்பட்டது. இந்தியாவுக்கு இது 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது.

தாவர இயல்பு

காகிதப்பூ, அந்திமந்தாரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் தரிசு நிலங்களில் படரும் மூக்கிரட்டையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததாகும்.

பொதுவாகப் பூவிதழ் என்று கருதப்படும் நிறமுள்ள பகுதி உண்மையில் இதழ் அன்று. அது பூவடிச் செதில் எனப்படும் உருமாறிய இலையாகும். மூன்று செதில்கள் சேர்ந்து ஒரு கொத்தாக அமைகின்றன. ஒவ்வொரு செதிலின் நடுநரம்பிலும் குழல் வடிவான, வெண்மை அல்லது மங்கிய மஞ்சள் நிறச் சிறு பூ ஒன்று ஒட்டியிருக்கும். அதுவே உண்மையான பூ. பூ வாடிய பின்னரும் செதில்கள் பல நாட்கள் நிறத்துடன் நிற்பதால் செடி நீண்ட காலம் பூத்திருப்பது போல் தோன்றுகின்றது. செதில்களின் நிறத்துக்குப் பீட்டாலெயின் என்னும் நிறமிகள் காரணமாகும். பீட்ரூட் கிழங்கின் சிவப்பு நிறமும் இவ்வகை நிறமிகளாலேயே உண்டாகின்றது.

இத்தாவரத்தின் முள்ளும் பூக்கொத்தும் ஒரே வகை உறுப்பின் இரு வடிவங்கள் ஆகும். இலைக்கோணத்தில் தோன்றும் குருத்து, சூழ்நிலையைப் பொறுத்து முள்ளாகவோ பூக்கொத்தாகவோ வளர்கின்றது. வேகமாக நீளும் தண்டில் முட்கள் மிகுதியாகின்றன. வளர்ச்சி மட்டுப்படும்போது அதே இடத்தில் பூக்கொத்துகள் தோன்றுகின்றன. பூக்கச் செய்யும் முறைகள் பெரும்பாலும் இந்த இயல்பை அடிப்படையாகக் கொண்டவை.

விசுட்டேரியாவுடன் ஒப்பீடு

சீனா, சப்பான் நாடுகளின் தோட்டங்களில் ஊதா நிறப் பூங்கொத்துகளைத் தொங்கவிடும் விசுட்டேரியா, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பெருங்கொடியாகும். படங்களில் கண்டு இதனைத் தம் வீட்டு வாயிலில் வளர்க்க விரும்புவோர் பலர். ஆயினும் இது குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வுகொண்டு, இளவேனிலில் பூக்கும் மிதவெப்ப மண்டலத் தாவரமாகும். அத்தகைய குளிர்காலம் இல்லாத சோழமண்டலக் கடற்கரையில் அது நன்கு பூப்பதை எதிர்பார்க்க இயலாது.

இரண்டு தாவரங்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. தழைச்சத்து மிகுந்தால் இரண்டும் இலையாகவே வளரும். போதிய வெயிலும் முறையான கவாத்தும் கிடைத்தால் இரண்டும் பூக்கும். விசுட்டேரியாவுக்குக் குளிர்காலம் தரும் ஓய்வை, இப்பகுதியில் காகிதப்பூவுக்கு மழைக்குப் பின் வரும் வறட்சி தருகின்றது எனலாம்.

மண்ணும் பருவமும்

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. இப்பகுதிக்கு ஆண்டுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் மழை கிடைக்கின்றது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பொழிகின்றது. சனவரி முதல் மே வரை மழை மிகக் குறைவு. இந்த உலர்ந்த மாதங்களே காகிதப்பூவின் முதன்மையான பூக்கும் பருவமாகும்.

வளர்ப்பு நோக்கில் இப்பகுதியின் மண்ணை மூன்றாகப் பிரிக்கலாம்.

- கடற்கரை மணல்: நீர் விரைவில் வடிந்துவிடும், சத்தும் தங்காது. கோடையில் கிணற்று நீர் உவர்ப்பாகலாம். காகிதப்பூ ஓரளவு உவர்ப்பைத் தாங்கும்.
- செம்மண்: வடிகால் நல்லது. இத்தாவரத்துக்கு மிகவும் ஏற்றது.
- ஏரிப் பாசனப் பகுதிகளின் களிமண்: மழைக்காலத்தில் நீர் தேங்கி வேர் அழுகும். இங்குச் சுமார் ஒன்றரை அடி உயரம் மேடாக்கி நடுதல் வேண்டும்.

நடவு

பெரும்பாலான வகைகள் விதை பிடிப்பதில்லை. ஆதலால் தண்டுத் துண்டுகள் மூலம் பெருக்கப்படுகின்றன. பென்சில் பருமனுள்ள, முற்றிய தண்டிலிருந்து 15 முதல் 20 செ.மீ. நீளத் துண்டுகளை வெட்டி, மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வைத்தால் ஒன்று முதல் இரண்டு மாதங்களில் வேர்விடும். எளிதில் வேர்விடாத வகைகளை விண்பதியம் அல்லது ஒட்டு முறையில் பெருக்குவர்.

நிலத்தில் நட ஆடி முதல் புரட்டாசி வரையிலான காலம் ஏற்றது. பருவமழை வலுப்பதற்குள் வேர் ஊன்றிவிடும். இரண்டடி நீள, அகல, ஆழமுள்ள குழி வெட்டி, மேல்மண்ணுடன் மட்கிய தொழு உரமும் சிறிது வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். கடற்கரை மணலில் இக்கலவையுடன் செம்மண்ணும் சேர்த்தல் நலம். இதன் வேர்கள் எளிதில் முறியக்கூடியவை. எனவே நாற்றுப் பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்க வேண்டும். வேர் அசைந்த செடி பல வாரங்கள் வளராமல் நின்றுவிடும்.

காகிதப்பூவுக்குப் பற்றுக்கம்பிகள் இல்லை. அது தாங்கியைச் சுற்றி முறுக்கிக்கொள்வதும் இல்லை. முட்களை ஊன்றிச் சாய்ந்தே ஏறுகின்றது. பந்தலிலோ மதிலிலோ ஏற்ற விரும்பினால் தண்டுகளை இடையிடையே தளர்வாகக் கட்டிவிட வேண்டும்.

பூக்கச் செய்தல்

வெயில்

நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து அல்லது ஆறு மணி நேரம் நேரடி வெயில் தேவை. மா, வேம்பு போன்ற மரங்களின் நிழலில் நட்ட செடி வெயிலை நோக்கி நீளுமேயன்றிப் பூக்காது. பகற்பொழுது குறையும் காலம் இத்தாவரத்தின் பூத்தலைத் தூண்டுகின்றது. ஆனால் மாமல்லபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.6 பாகையில் அமைந்துள்ளதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றரை மணி நேரமே. எனவே இங்கு வெயிலும் மண்ணின் ஈரநிலையும் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன.

நீர்

நட்ட முதல் ஆண்டில் ஒழுங்காக நீர் ஊற்ற வேண்டும். நன்கு ஊன்றிய செடிக்கு, மழை நின்றபின் நீரைக் குறைத்தல் வேண்டும். மேல்மண் உலர்ந்து, இளந்தளிர்கள் சற்றே தொய்யும் வரை காத்திருந்து, பின்னர் வேர்ப்பகுதி நனையுமாறு ஒருமுறை நிறைய ஊற்ற வேண்டும். நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றுவது தவறு. இவ்வாறு இரண்டு மூன்று வாரங்கள் செய்தால் கிளை நுனிகளில் நிறச் செதில்கள் தோன்றத் தொடங்கும். அதன்பின் அளவாக, ஒழுங்காக நீர் விட வேண்டும்; அந்நிலையிலும் செடியை வாடவிட்டால் செதில்கள் உதிர்ந்துவிடும்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையும் அதன் சுற்றுப்புறங்களும் கடும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு உள்ளாயின. அத்தகைய காலங்களில் குடிநீரைத் தோட்டத்துக்குச் செலவிட இயலாத வீடுகளுக்கு, குறைந்த நீரில் பூக்கும் இத்தாவரம் பொருத்தமானது.

உரம்

தழைச்சத்து மிகுந்த உரங்களைத் தவிர்த்தல் வேண்டும். யூரியாவோ மிகுதியான சாணமோ இட்டால் நீண்ட, முள் நிறைந்த தண்டுகளே வளரும். ஆண்டுக்கு இருமுறை, கவாத்துக்குப் பின், மட்கிய தொழு உரமும், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் உள்ள உரமும் சிறிதளவு போதும். புல்வெளியை ஒட்டி நட்ட செடி, புல்லுக்கு இடும் நீரையும் உரத்தையும் பெற்றுப் பூக்காமல் போவதுண்டு.

கவாத்து

பூக்கள் புதிய கிளைகளிலேயே தோன்றுகின்றன. இப்பகுதிக்கு ஆண்டில் இரு கவாத்துகள் ஏற்றவை.

- ஆவணி அல்லது புரட்டாசியில் கடும் கவாத்து: நீண்ட, குறுக்கான, காய்ந்த கிளைகளை நீக்கிச் செடியை வடிவமைத்தல். மழைக்காலத்தில் புதுக்கிளைகள் தோன்றும்.
- மார்கழி இறுதியில் நுனிக் கிள்ளல்: மழையில் வளர்ந்த கிளைகளின் நுனியை மட்டும் நீக்குதல். பக்கக் கிளைகள் பெருகி, ஒவ்வொன்றின் நுனியும் பூக்கும். நீர்க் குறைப்பும் இதனுடன் தொடங்க வேண்டும்.

மாசி, பங்குனி மாதங்களில் அரும்பு தோன்றிய பின் வெட்டுதல் கூடாது. செடி பூக்கவில்லை என்று மாதந்தோறும் வெட்டுபவர்கள், பூக்கவிருக்கும் நுனிகளையே நீக்கிவிடுகின்றனர்.

தொட்டி

தொட்டியில் வேர்கள் நிறைந்து நெருக்கமான நிலையில் இச்செடி நன்கு பூக்கின்றது. எனவே தேவைக்கு மிஞ்சிய பெரிய தொட்டிக்கு மாற்றுதல் கூடாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணை மாற்றினால் போதுமானது. மொட்டைமாடியில் வைக்கும் தொட்டியின் அடித்துளை அடைபடாதிருத்தல் வேண்டும்.

பூக்காமைக்கான காரணங்கள்

- இலை கரும்பச்சை, தண்டு நீளம், முள் மிகுதி: நீரும் தழைச்சத்தும் மிகை.
- கணுக்களின் இடைவெளி நீண்டு, ஒரு பக்கம் சாய்ந்த வளர்ச்சி: வெயில் குறைவு.
- இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சை: இரும்புச்சத்துக் குறைபாடு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் காணப்படும்.
- ஈர மண்ணிலும் இலை வாடுதல்: நீர் தேங்கி வேர் அழுகல்.
- அரும்பிய செதில்கள் உதிர்தல்: திடீர் வறட்சி, இடமாற்றம், அல்லது பலத்த மழை.

வகைகள்

தோட்ட வகைகள் பெரும்பாலும் போகன்வில்லா கிளாப்ரா, போகன்வில்லா இசுபெக்டாபிலிசு, போகன்வில்லா பெருவியானா ஆகிய மூன்று இனங்களிலிருந்தும் அவற்றின் கலப்பினங்களிலிருந்தும் தோன்றியவை. 'மிசசு பட்' என்னும் கருஞ்சிவப்பு வகை, 1910ஆம் ஆண்டு கொலம்பியாவிலிருந்து திரினிடாடுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின் உலகெங்கும் பரவியது. 'மேரி பால்மர்' என்னும் வகை கொல்கத்தாவில் தோன்றியது. ஒரே செடியில் வெண்மை, இளஞ்சிவப்பு ஆகிய இரு நிறச் செதில்களும் காணப்படும். 'மகாரா' போன்ற அடுக்கு வகைகளில் செதில்கள் பலவாகி அடர்ந்திருக்கும். இவற்றில் வாடிய கொத்துகள் தாமே உதிராததால் வெட்டி நீக்க வேண்டும். காகிதப்பூ வகைகளின் பெயர்களைப் பன்னாட்டளவில் பதிவுசெய்யும் பொறுப்பு, புது தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்திடம் உள்ளது.

காற்றும் புயலும்

2012 அக்டோபர் 31 அன்று 'நிலம்' புயலும், 2022 டிசம்பர் 9 இரவில் 'மாண்டசு' புயலும் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தன. அடர்ந்து படர்ந்த காகிதப்பூ, புயற்காற்றைப் பாய் போல் ஏற்றுத் தாங்கியையும் சாய்க்கக்கூடும். புரட்டாசிக்குள் முடிக்கும் கடும் கவாத்து இந்த இடரைக் குறைக்கின்றது. மூங்கில் பந்தலுக்கு மாற்றாக இரும்புக் குழாய் அல்லது கற்தூண் தாங்கிகள் கடற்கரை வீடுகளுக்கு உகந்தவை. சாய்ந்த செடியை உடனே வேரோடு நீக்க வேண்டியதில்லை; கிளைகளை வெட்டி, நிமிர்த்தி, மண் அணைத்தால் மீண்டும் தழைப்பதுண்டு. உப்புத்துளி படிந்த இலைகளை நன்னீரால் கழுவுதல் நலம்.

பூச்சிகளும் பாதுகாப்பும்

மாவுப்பூச்சி, அசுவினி, இலையுண்ணும் புழுக்கள் ஆகியவை தாக்கக்கூடும். ஒரு லிட்டர் நீரில் 3 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். மழைக்காலத்து இலைப்புள்ளி நோய் பொதுவாகக் கோடையில் மறைந்துவிடும்.

முட்கள் ஆழமாகக் கீறக்கூடியவை. சிலருக்குத் தோல் அரிப்பும் உண்டாகலாம். கவாத்தின்போது கையுறை அணிதல் வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடங்களிலும், தெருவோர நடைபாதையை ஒட்டியும் கிளைகளைத் தாழப் படரவிடுதல் கூடாது.

இவற்றையும் பார்க்கவும்

- அந்திமந்தாரை
- மூக்கிரட்டை
- முல்லை
- வடகிழக்குப் பருவமழை