தாய்மாருக்கு மட்டும் ஒரு நூல்

இலஞ்சியில் எங்கள் வீட்டில் மாலை ஜெபத்துக்கு வேதம் வாசிப்பவர் அப்பா. அம்மா அடுக்களையில் நின்றபடியே ஆமென் சொல்வார். பிள்ளைகள் நன்றாகப் படித்தால் சபையார் இருவரையும் பாராட்டினார்கள். தவறினால் பழி அம்மாவுக்கு மட்டும்தான்.

இந்தக் கணக்கின் வேரைத் தேடும்போது அன்னா சத்தியநாதனிடம் போய் நிற்கிறேன். நெல்லைச் சீமையில் ஊழியம் செய்த ஜான் தேவசகாயம் ஐயரின் மகள் அவர். பிள்ளை வளர்ப்பு பற்றித் தமிழில் தாய்மாருக்கு நூல் எழுதினார். தாய்மாருக்கு மட்டும் ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் எழுதியவர் வீட்டோடு இருந்தவரல்ல. சென்னையில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். வெளியே வராத பெண்களுக்குக் கற்பிக்க அவர்கள் வீடுகளுக்கே போனார். மகன் சாமுவேல் பார்த்து வளர்ந்தது அந்தத் தாயைத்தான். அவர் மணந்த கிருபாபாய் ஆங்கிலத்தில் ‘சகுணா’ நாவல் எழுதினார். 1894இல் கிருபாபாய் இறந்தார். பிறகு சாமுவேல் மணந்த கமலா, 1901இல் இந்தியப் பெண்களுக்கென ஆங்கில மாத இதழ் தொடங்கினார். எழுதும் மனைவியருக்கு அந்த வீட்டில் இடமிருந்தது. அதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

1906இல் சாமுவேலும் இறந்துபோக, கமலா பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார், இதழையும் விடவில்லை. மகள் பத்மினி சென்குப்தா பின்னாளில் அம்மாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்.